உடைஞ்ச க்ளோ பிளக்: ஹெட்டை இறக்காம எடுக்கிற வழி

வணக்கம். டீசல் இன்ஜினைக் குளிர்ல ஸ்டார்ட் பண்ண சிலிண்டருக்குள்ள சூடு குடுக்கிற க்ளோ பிளக்கைக் கழட்டும்போது, அதோட தலை மட்டும் சாக்கெட்டோட வந்துருச்சு, மரை உள்ளேயே நின்னுருச்சு. இப்படி ஆனா சிலிண்டர் ஹெட்டை இறக்கித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல. ட்ரில் நடுவை விட்டு நகரக்கூடாது, சிலிண்டருக்குள்ள எதுவும் விழக்கூடாது. இந்த ரெண்டையும் காப்பாத்துனா வண்டியில வச்சே எடுத்துரலாம்.

ட்ரில்லைத் தொடுறதுக்கு முன்னாடி, உடையாம மிச்சம் இருக்கிற பிளக்குங்களைப் பாத்துக்கோங்க. எம் 10 மரை (10 மில்லிமீட்டர் விட்டம்) பிளக் சுமார் 35 நியூட்டன் மீட்டர்ல முறியும், எம் 8 வெறும் 20-லயே முறிஞ்சிரும். டார்க் ரென்ச்சை (முறுக்குற பலத்தை அளக்கிற ஸ்பேனர்) அதுக்குக் கீழ செட் பண்ணித்தான் கழட்டணும். ஆனா செட் பண்ணுன அளவு வந்ததும் கிளிக் சத்தம் போடுற ரென்ச் நிறைய, இறுக்குற பக்கம் மட்டுந்தான் கிளிக் ஆகும். உங்களுது ரெண்டு பக்கமும் வேலை செய்யுதான்னு பாருங்க. கிளிக் ஆயும் அசையலைன்னா நிறுத்திருங்க. மரையில பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊற விடுங்க, இன்ஜினை நல்லா சூடாக்கிட்டு மறுபடி பாருங்க. கால் சுத்து வந்து திரும்ப இறுகுதுன்னா கீழ நுனியைச் சுத்திக் கரி பிடிச்சிருக்குன்னு அர்த்தம். முன்ன பின்ன ஆட்டிக்கிட்டே வாங்க. பிளக்குக்கு நேரடியா 12 வோல்ட் குடுத்து கரியை எரிக்கிற வழியும் இருக்கு. ஆனா 4, 5, 7 வோல்ட் பிளக்குக்கு அதைச் செஞ்சீங்கன்னா நுனி வீங்கிரும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது.

சரி, உடைஞ்சதுக்கு வருவோம். அந்தச் சிலிண்டரோட இன்ஜெக்டரை முதல்லயே கழட்டிருங்க. இது சோம்பல் படக்கூடாத இடம், கடைசியில பிசிறை ஊதி எடுக்க அந்த ஓட்டை வேணும். பிளக் குழியையும் காத்தடிச்சு சுத்தம் பண்ணிட்டு, இன்ஜெக்டர் ஓட்டையைத் துணியால அடைச்சிருங்க.

இதோ, கேமராவைக் கிட்ட வைக்கிறேன். வெளிய வளையம் மாதிரி தெரியுறது பிளக்கோட கூடு. நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பிதான் எலக்ட்ரோடு. அதைப் பிளையர்ல பிடிச்சு நேரா மேல இழுங்க. வரலைன்னா கூட்டு மட்டத்துக்கு வெட்டிட்டு ட்ரில்லால எடுத்துக்கலாம்.

ஈஸி அவுட் (உடைஞ்ச போல்ட்டுக்குள்ள கடிச்சுத் திருப்பி எடுக்கிற கருவி) போட்டுப் பாக்கலாமேன்னு தோணும். போடாதீங்க. கூடு மெல்லிசு, ஈஸி அவுட் உள்ள போகப் போக கூடு விரிஞ்சு ஹெட் மரையோட இன்னும் கடிச்சுக்கும். அதுவே உள்ள முறிஞ்சா, அந்தக் கெட்டி இரும்பைச் சாதா ட்ரில் தொடவே தொடாது.

கைடு புஷ் (ட்ரில்லை நடுவுல பிடிச்சுக்கிற குழாய்) உள்ள ட்ரில் கிட் இல்லாம இந்த வேலையில இறங்காதீங்க. புஷ் குழியில உக்காந்தா ட்ரில் நடுவுலதான் இறங்கும். அதே மாடல் புது பிளக்கைப் பக்கத்துல வச்சு, மரை எங்க முடியுதுன்னு அளந்து ட்ரில்ல ஒட்டுற டேப் சுத்துங்க. அந்த அளவைத் தாண்டக்கூடாது, கீழ கூம்பு மாதிரி இருக்கிற சீட்டிங்ல கீறல் விழுந்தா கம்ப்ரெஷன் கசியும். ட்ரில் பள்ளத்துல கெட்டியா கிரீஸ் தடவுங்க, பிசிறு அதுல ஒட்டிக்கும். மெதுவான வேகம் போதும். கொஞ்சம் போனதும் வெளிய எடுத்துத் துடைச்சு, திரும்ப கிரீஸ் போடுங்க. எம் 10க்கு 1 பிட்ச்னா (மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி) கடைசி ட்ரில் 9 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, எம் 8க்கு 1 பிட்ச்னா 7. அதுக்கப்புறம் அதே அளவு டேப்பை (மரை வெட்டுற கருவி) விட்டா, மிச்சம் இருக்கிற கூடு சுருள் சுருளா வந்துரும்.

இப்போ கீழ தண்டும் நுனியும் மட்டும் இருக்கும். தண்டுல 4.2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு எம் 5 டேப் அடிங்க, பத்து மில்லிமீட்டர் ஆழம் போதும். ட்ரில் வெள்ளைப் பொடியோட வந்தா பயப்படாதீங்க, அது பிளக்குக்குள்ள இருக்கிற மெக்னீசியம் ஆக்சைடு. அப்புறம் போல்ட்டை மாட்டி ஸ்லைடு ஹேமரால (கம்பியில எடை சறுக்கி வெளிப்பக்கம் இடிச்சு இழுக்கிற கருவி) இழுங்க. எக்காரணம் கொண்டும் கீழ்ப்பக்கம் தட்டாதீங்க. நுனி உள்ள விழுந்து, காந்தத்துக்கும் வேக்குவத்துக்கும் சிக்கலைன்னா ஹெட்டை இறக்கத்தான் வேணும். செராமிக் பிளக்கா இருந்தா நுனியை ட்ரில் பண்ணவே பண்ணாதீங்க, சில்லு சில்லா உடையும்.

வெளிய வந்ததும் நுனி முழுசா இருக்கான்னு புது பிளக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. ரீமர்ல (ஓட்டையைச் சுரண்டுற கருவி) கிரீஸ் தடவி ஓட்டைக் கரியைச் சுரண்டுங்க. பிஸ்டனை கம்ப்ரெஷன் டாப்ல (வால்வெல்லாம் மூடி பிஸ்டன் உச்சியில இருக்கிற நிலை) நிறுத்தி, இன்ஜெக்டர் ஓட்டை வழியா 2 பார் காத்து விட்டா பிசிறு பிளக் ஓட்டை வழியா வெளியேறும், கண்ணாடி போட்டுக்கோங்க. 80 மில்லிமீட்டர் போர்ல (சிலிண்டர் விட்டம்) 2 பார்னா பிஸ்டன் மேல நூறு கிலோ அழுத்தம். கிராங்க் சட்டுன்னு திரும்பலாம், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. கடைசியா கேமரா விட்டு பிஸ்டன் மேல பாருங்க.

புது பிளக் போடும்போது மரையில மட்டும் க்ளோ பிளக் கிரீஸ், கூம்புலயும் நுனியிலயும் வேண்டாம். எம் 10க்கு சுமார் 15 நியூட்டன் மீட்டர், எம் 8க்கு 10. உங்க மேனுவல் வேற சொன்னா அதுதான் கணக்கு. இன்ஜெக்டருக்குப் புது வாஷர் போடுங்க. ஸ்டார்ட் பண்ணிட்டு பிளக் அடியில சோப்பு நுரை விடுங்க, குமிழி விட்டா சீட்டிங் பிடிக்கலைன்னு அர்த்தம், திரும்பக் கழட்டி ரீமர் போடணும்.