களை பறித்தால் போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கொடுங்குற்றம் புரிந்தவரை வயலில் களை பறிப்பதுபோல் நீக்க வேண்டும், கடும் தண்டனையே தீர்வு என்று எதிரணியினர் வாதிட்டார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு அந்த உவமையில் ஒரு குறை தெரிகிறது. கார் பருவ நெல்லுக்குக் களை பறித்த அதே வயலில், அடுத்து வரும் பிசானப் பருவ நெல்லுக்கும் களை முளைக்கிறது, ஏனென்றால் விதை மண்ணுக்குள் கிடக்கிறது. குற்றவாளியைச் சீர்திருத்துவதே தீர்வு என்பது எங்கள் அணியின் வாதம்.

2024 டிசம்பரில், நீதிமன்றத்துக்கு வந்த ஓர் இளைஞர் நம் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். முன்பு நடந்த ஒரு கொலைக்குப் பழி என்றது காவல்துறை. வழக்கறிஞர்களும் காவலர்களும் நடமாடும் இடத்தில் அரிவாளை எடுத்தவர்களுக்குச் சட்டத்தில் தூக்குத் தண்டனை இருப்பது தெரியாதா? பழி தீர்க்காதவனை ஊர் மதிக்காது என்று கேட்டே வளர்ந்தவனிடம் அந்த அச்சம் எடுபடுவதில்லை.

தண்டனையே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டுகள் முடியும் முன் தண்டனைக் குறைப்பில் விடுவிக்கக் கூடாது என்று 1978 முதல் சட்டம் இருக்கிறது; அது இருக்கட்டும். ஆனால் 22 வயதில் உள்ளே போனவன் 36 வயதில் வெளியே வரக்கூடும். அந்த 14 ஆண்டுகளில் அவனை என்ன செய்தோம் என்பதே எங்கள் கேள்வி. இதே பாளையங்கோட்டையில் சிறைத்துறையின் பெட்ரோல் பங்கில் கைதிகள் நின்று வேலை செய்கிறார்கள், கூலி பெறுகிறார்கள். கைதியின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் வழிகாட்டியது. அந்தப் பணம் ஓர் உயிருக்கு ஈடாகாது. ஆனாலும், தான் விதவையாக்கிய பெண்ணுக்காக ஒருவன் மாதந்தோறும் உழைப்பதைவிடக் கனமான தண்டனை எனக்குத் தெரியவில்லை.

மகனைப் பறிகொடுத்த தாயிடம் சீர்திருத்தம் பேச முடியுமா என்று எதிரணித் தலைவர் கேட்டார். பேசித்தான் ஆக வேண்டும், ஐயா. அந்தத் தாய்க்கு இளைய மகன் ஒருவன் இருப்பான். அண்ணனை வெட்டியவன் என்றைக்கு வெளியே வருவான் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவன் அவன்தான். உள்ளே இருப்பவனுக்குத் தொழிலும் மனநல ஆலோசனையும், வெளியே காத்திருக்கும் இவனுக்குப் படிப்பும் வேலையும் ஆறுதலும் கிடைக்காவிட்டால், அந்த வீட்டு வாசலுக்கு இரண்டாவது பிணமும் வரும். அது வராமல் தடுக்கும் பக்கத்துக்கே தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். நன்றி.