எலியும் எளியதும்

அனைவருக்கும் வணக்கம். மேசைமேல் இருக்கும் கறுப்பு உருண்டைகளைப் பார்த்துவிட்டு முன்வரிசையில் சிலர் நாற்காலியைப் பின்னால் நகர்த்துவது தெரிகிறது. பயப்படாதீர்கள், எச்சம் இல்லை. கோயில் கோபுரத்தில் குடியிருக்கும் கூகை என்ற ஆந்தை கக்கியது. மதிலடியில் பொறுக்கி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூகை எலியை முழுசாக விழுங்கிவிடும். சதை செரித்துவிடும், மயிரும் எலும்பும் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வந்துவிடும். பருந்தும் கக்கும்தான், ஆனால் அதன் வயிற்றில் எலும்பு பெரும்பாலும் கரைந்துபோகும். ஆந்தையின் வயிற்று அமிலம் அவ்வளவு காட்டமில்லை. மண்டையோடு, தாடை எல்லாம் அப்படியே கிடைக்கும். ராத்திரி அது எந்தக் கடையில் சாப்பிட்டது என்று பின்னால் அலைய வேண்டாம், காலையில் ரசீதைப் பொறுக்கினால் போதும்.

இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள் கேட்டது ஒரே கேள்வி: வயலுக்கு ஆந்தை வந்தால் எலித் தொல்லை தீருமா? குறையும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஆந்தை நம்மிடம் கூலிக்கு வேலை பார்க்கவில்லை. அது தேடுவது எலியை அல்ல, எளியதை. லகர ளகரம் மாறினால் பொருள் மாறும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொன்னார்களே, இங்கே கதையே அதில்தான் இருக்கிறது.

எது எளியது? கூகைக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே. சத்தம் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று அதனால் கணக்குப் போட்டுவிடும். கும்மிருட்டான அறையில் எலியளவு காகிதச் சுருளைத் தரையில் சரசரவென்று இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்; அதன்மேலும் பாய்ந்திருக்கிறது. ஆக, சத்தம் கேட்க வேண்டும். பாய்ந்தால் கால் எட்ட வேண்டும். தூக்கிப் பறக்கிற எடையாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதன் சாப்பாடு.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் வைத்தம் என்ற காடு. அங்கே சதர்ன் என்ற ஆய்வாளர் 1947 முதல் பல வருடம் டானி என்ற வகை ஆந்தையின் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தார். குளிர்காலத்தில் காட்டெலியும் சுண்டெலி மாதிரியான வோல் எலியும். கோடையில் தரையில் செடிகொடி மண்டியதும் வண்டும் மண்புழுவும் கூடிவிட்டன. எலி காட்டை விட்டுப் போய்விடவில்லை. மேலே பச்சைக் கூரை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அதே ஆந்தை லண்டன் நகரப் பூங்காவுக்குக் குடிவந்தால் உருண்டையில் பெரும்பகுதி பறவை எலும்பு, அதிலும் சிட்டுக்குருவி. நம் தெருவிளக்கின் அடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் புள்ளி ஆந்தையும் இதே கணக்குதான் போடுகிறது.

சரி, மனிதன் நிலத்தை மாற்றினால்? மலேசியாவில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனையை நட்டார்கள். நம்மவர்கள் பலர் வேர்வை சிந்திய தோட்டங்கள். பழக்குலைக்கு எலி வந்தது. தீபகற்பத்தில் அதுவரை அபூர்வமாக இருந்த கூகை, எலியைத் தேடி வந்தது. 1968இல் ஜொகூரில் அது குஞ்சு பொரித்ததைப் பதிவு செய்தார்கள். அது முட்டையிட மரப்பெட்டி வைத்ததும் பெருகியது. அங்கே கிடைத்த உருண்டைகளில் ஏறக்குறைய எல்லாமே எலிதான்.

இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்டு ஹோவ் தீவு. 1918இல் ஒரு கப்பல் தரைதட்ட, அதிலிருந்து எலிகள் இறங்கின. எலியை ஒழிக்க ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சீஷெல்ஸ் தீவுகளிலும் அப்படியே. ஆந்தை எலியும் தின்றது, கூடவே வெள்ளை ஆலா என்ற கடற்பறவையையும் தின்றது. அந்த ஆலா கூடே கட்டாது. வெறும் கிளையில் ஒற்றை முட்டையிட்டு, இருட்டில் வெள்ளைவெளேர் என்று உட்கார்ந்திருக்கும். புதருக்குள் ஓடும் எலி எங்கே, கிளையில் அசையாமல் இருக்கும் ஆலா எங்கே! ஆந்தையைக் குறை சொல்லி என்ன பயன்?

நற்றிணையில் ஒரு தோழி, காதலன் வரவுக்குக் காத்திருக்கும் இரவில் அலறிப் பயமுறுத்தாதே என்று கூகையிடம் கெஞ்சி, ஆட்டுக்கறியோடு நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருவதாகப் பேரம் பேசுகிறாள். சோறு வீண்தான். எலியைச் சுடாமல் வைத்திருந்தால் பேரம் படிந்திருக்கும்.

அப்புறம் ஃபிளாக்கோ. நியூயார்க் மிருகக்காட்சிச் சாலையில் இருந்த கொம்பன் ஆந்தை. 2023 பிப்ரவரியில் யாரோ கம்பிவலையை வெட்டிவிட, வெளியே வந்துவிட்டது. காலமெல்லாம் தட்டில் வைத்த உணவைத் தின்றதுக்கு வேட்டை தெரியுமா என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். சில நாளிலேயே எலி பிடித்தது, புறாவும் பிடித்தது. ஒரு வருடம் ஊரே அண்ணாந்து பார்த்தது. 2024 பிப்ரவரியில் ஒரு கட்டடத்தின் அடியில் விழுந்து கிடந்தது. உடலைச் சோதித்ததில், புறாவிடமிருந்து வந்த வைரஸ் நோய் முற்றியிருந்தது. உடம்பில் நான்கு வகை எலிமருந்து இருந்தது. நகரம் எளிதாகக் கொடுத்த இரண்டு இரையும் சேர்ந்து கொன்றுவிட்டன.

எலிமருந்தில்தான் நம் விஷயம் இருக்கிறது. கடையில் கட்டியாக விற்கும் புரோமாடயலோன் வகை மருந்து, ரத்தம் உறையாமல் செய்து கொல்வது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் உயிரோடு இருக்கும். தளர்ந்து, வளைக்குத் திரும்பாமல் வெட்டவெளியில் தள்ளாடும். வயலிலேயே மிக எளிய இரை எது என்று இப்போது சொல்லுங்கள். ஆந்தை அதைத்தானே முதலில் எடுக்கும்?

ஆகவே ஆந்தை உட்காரத் தென்னை மட்டையைக் கவிழ்த்து நடுபவர்கள் அதே வயலில் இந்த மருந்தை வைக்காதீர்கள். தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வையுங்கள், மூங்கில் வில்லால் ஆந்தைக்குக் கெடுதல் இல்லை. மட்டையைப் பயிர் நட்ட புதிதிலேயே நடுங்கள். பயிர் மூடிய பிறகு மேலே ஆந்தை தவம் கிடக்கும், கீழே எலி கல்யாணம் நடத்தும். வரப்புப் புல்லையும் அறுத்துவிடுங்கள். லாரி இரைச்சல் ஓயாத சாலையோர வயலில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அங்கே அதன் காதுக்கு வேலையில்லை.

நான் பேசியது போதும். இந்த உருண்டைகளை வரிசையாக அனுப்புகிறேன், ஆளுக்கொரு குச்சி எடுத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். கீழ்த்தாடை இடது வலது என்று இரண்டிரண்டாக வரும். ஜோடியை எண்ணினால் எத்தனை எலி என்று தெரியும். கூரான பற்கள் வரிசையாக இருந்தால் அது மூஞ்சூறு, தனியே வையுங்கள். முன்வரிசை நாற்காலிகள் கொஞ்சம் முன்னால் வரட்டும்.