வண்டிக்காசு கொடுங்க ஐயா!

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, தாய்மார்களே, வணக்கம். பொது ஒலிபரப்பு நிலையங்கள் கலைஞர்களுக்குப் போக்குவரத்துச் செலவு தரணுமா? தரணும். தலைப்பு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தங்கச்சி ஒரு போடு போட்டார்: "பெண்களுக்கு பஸ்ஸே இலவசம், அப்புறம் எதுக்கு வண்டிக்காசு?" நீங்களும் கைதட்டினீர்கள். தங்கச்சி, அந்த இலவசம் 2021 மே மாதம் வந்தது, அதுவும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில். வில்லுப்பாட்டு படிக்கிற அக்காவுக்கு டிக்கெட் வேண்டாம், சரி. உடுக்கு அடிக்கிற அண்ணனுக்கு? குடத்துக்கு? ஆளைவிட நீளமான வில்லுக்கு?

அந்த வில் பஸ் ஏறின கதை தெரியுமா? முன்பு களியக்காவிளைப் பக்கம், கண்டக்டர் கயிறு இழுத்து மணியடிக்கிற பஸ். ஒரு மணி என்றால் நிற்கணும், இரண்டு என்றால் போகணும். ரேடியோ ரெக்கார்டிங்குக்குக் கிளம்பின எங்க ஊர் அண்ணாவி, அதான் வில்லுப்பாட்டுக் குழுத் தலைவர், வில்லோடு ஏறிவிட்டார். வில்லில் மணி கட்டியிருக்குமே! பள்ளத்தில் பஸ் இறங்கியது, 'டிங்'. டிரைவர் நிறுத்தினார். நிறுத்தின குலுக்கலில் 'டிங் டிங்'. டிரைவர் எடுத்தார். படியில் ஒரு காலை வைத்த பாட்டி, "எடே, நான் இன்னும் இறங்கல்ல!" மறுபடி 'டிங்'. குழித்துறை தாண்டுவதற்குள் கண்டக்டர் ஓடி வந்தார், "ஓய் அண்ணாவி, இந்த பஸ்ஸுக்கு கண்டக்டர் நானா, நீரா?" அண்ணாவி அசரவில்லை. "நீரு டிக்கெட்டைக் கிழியும், மணியை நான் பாத்துக்கிடுதேன்." அப்புறம் தக்கலையில்... ஐயோ, நடுவர் மணியை எடுக்கிறார். ஐயா, ஒரு மணி அடிக்காதீங்க, நான் நின்றுவிடுவேன். அடித்தால் இரண்டா அடிங்க!

கோயில் கொடைத் திருவிழாவுக்கு அழைக்கிற கமிட்டி, வேன் வாடகையும் பேசித்தான் அட்வான்ஸ் கொடுக்கும். வரி பிரித்துக் கொடை நடத்துகிறவர்களால் முடிவது ஆல் இந்தியா ரேடியோவையும் தூர்தர்ஷனையும் நடத்துகிற பிரசார் பாரதி மாதிரி அமைப்பால் முடியாதா? 'சன்மானத்திலேயே எல்லாம் அடங்கும்' என்கிறார்கள் எதிரணியினர். ஐந்து பேர் பங்குபோடுகிற சன்மானம் அது.

நாட்டின் முதல் உள்ளூர் வானொலி 1984இல் நம்ம நாகர்கோவிலில்தான் தொடங்கியது. பேச்சிப்பாறை மலையில் பாடுகிறவரும் உள்ளூர்தானே? அடுப்பில் மீன்குழம்பு கொதிக்க, ரேடியோவில் முத்தாரம்மன் கதை கேட்டுக் கண்ணைத் துடைத்தவர்கள் நம்ம அம்மாக்கள். கதை படித்த மனுஷன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு எந்த பஸ் ஸ்டாண்டில் ராத்திரி கிடந்தாரோ, அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முந்தானையில் முடிந்து வைத்த காசை அவிழ்த்துக் கொடுத்திருப்பாள்.

நடுவர் ஐயா, தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்க. ஆனால் உங்களை வீட்டில் கொண்டுவிட விழாக் கமிட்டியின் கார் வெளியே நிற்கிறதே, அதை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.