ஓவர்ஹால் பண்ண போட் இன்ஜின் இழுக்கலையா? மறுபடி பிரிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: ஆர்பிஎம் மீட்டர், முள்ளு 3600-ல நிக்குது]

வணக்கம். லீவரை முழுசா தள்ளியாச்சு, ஆனா ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்தற எண்ணிக்கை, 3600-ஐ தாண்ட மாட்டேங்குது. இந்த பெட்ரோல் இன்ஜினுக்கு மேனுவல்ல 4400-ல இருந்து 4800 வரைக்கும் போகணும்னு போட்டிருக்கு. புது பிஸ்டன், புது ரிங், எல்லாம் மாத்தியாச்சு. உடனே பக்கத்துல நிக்கறவங்க சொல்றது என்ன, "மெக்கானிக் சொதப்பிட்டான், பிரிச்சுடு". கொஞ்சம் இருங்க. இன்ஜின்ல பவர் இல்லையா, இல்ல இன்ஜின் மேல லோடு ஜாஸ்தியா, அது தெரியாம ஸ்பானர தொடாதீங்க.

இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஒருத்தர லீவர தள்ளச் சொல்லுங்க, நீங்க த்ராட்டில் பிளேட் (இன்ஜினுக்குள்ள காத்து போற வழிய திறக்கற தகடு) முழுசா திறக்குதான்னு பாருங்க. ஓவர்ஹால்ல கேபிள கழட்டி மாட்டியிருப்பாங்க, கொஞ்சம் லூசா இருந்தாலே பாதிதான் திறக்கும். அப்புறம் ப்ரொப்பெல்லர். பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு ப்ரொப்பெல்லர் முன்னாடி போக வேண்டிய தூரம், ஒரு இன்ச் கூடினா ஆர்பிஎம் சுமாரா 150, 200 குறையும், அடியில பாசி பிடிச்சிருந்தா இன்னும் குறையும். ஆர்பிஎம் நல்லா ஏறுது ஆனா போட் மட்டும் நகரலன்னா, ப்ரொப்பெல்லர் நடுவுல இருக்கற ரப்பர் ஹப் வழுக்குதான்னு பாருங்க. மீட்டரே பொய் சொல்லலாம், அதனால இன்னொரு டேகோமீட்டர் வச்சு ஒரு தடவ ஒப்பிட்டுக்கோங்க.

[திரையில்: பிளக் ஓட்டையில கம்ப்ரஷன் கேஜ்]

இதெல்லாம் சரியா இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஸ்டார்ட்டர்ல சுத்தும்போது சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் வருதுன்னு கேஜ்ல பாக்கறது. எல்லா பிளக்கையும் கழட்டுங்க, இக்னிஷன கட் பண்ணுங்க, த்ராட்டில முழுசா திறந்து வைங்க, பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கணும். எவ்வளவு வருதுங்கறதவிட சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம்ங்கறதுதான் முக்கியம், 10, 15 சதவீதத்துக்குள்ள இருந்தா ஓகே. ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி திரும்ப பாருங்க. ஏறினா ரிங், ஏறலன்னா பெரும்பாலும் வால்வு. ஆனா ரிங் புதுசுன்னா இன்னும் செட் ஆகாம இருக்கும், அதுக்குள்ள தீர்ப்பு எழுதிடாதீங்க, கொஞ்ச நேரம் லோடுல ஓட்டிட்டு மறுபடி பாருங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டு சிலிண்டர் குறைஞ்சா ஹெட் கேஸ்கட் மேல சந்தேகம் வரணும். எல்லாமே ஒரே மாதிரி குறைவா இருந்தா? கேம் (வால்வுகள திறக்கற தண்டு) ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கலாம், ஓவர்ஹால்ல இது நடக்கற விஷயம்தான்.

இப்ப நிறைய பேர் கோட்டை விடற இடம், டைமிங் மார்க், அதாவது பிளக் எப்ப பொறி விடுதுன்னு பாக்கறதுக்கான கோடு. இன்ஜின் முன்னாடி இருக்கற பேலன்சர்ல (அதிர்வ குறைக்கற சக்கரம்) வெளி வளையத்துக்கும் நடு ஹப்புக்கும் இடையில ரப்பர் இருக்கும், அது பழசாகி வளையம் நகர்ந்துட்டா மார்க்கும் கூடவே நகர்ந்துடும். நீங்க டைமிங் லைட் அடிச்சு டிகிரி கரெக்ட்னு நினைப்பீங்க, இன்ஜின் லேட்டா வெடிச்சுட்டு இருக்கும். இதுக்கு ஒண்ணாம் நம்பர் பிளக் ஓட்டையில பிஸ்டன் ஸ்டாப்ப (பிஸ்டன் உச்சிக்கு வராம தடுக்கற கருவி) திருகி, கையால, ஸ்டார்ட்டர தொடவே கூடாது, மெதுவா இன்ஜின ஒரு பக்கம் இடிக்கற வரைக்கும் சுத்தி பேலன்சர்ல ஒரு கோடு போடுங்க, எதிர்ப்பக்கம் சுத்தி இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நட்ட நடுவுல உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம். பழைய மார்க் அங்க வந்து நிக்கலன்னா பேலன்சர மாத்துங்க.

கிளம்பும்போது நல்லா இழுத்து, ஃபுல் த்ராட்டில்ல கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்குச்சுன்னா அது எரிபொருள் கதை. வேற ஒரு சின்ன டேங்க்ல இருந்து நேரா பெட்ரோல் குடுங்க. பிரச்சனை போயிட்டா இன்ஜின் நிரபராதி, டேங்க் வென்ட் (டேங்குக்குள்ள காத்து போற வழி), ஆன்டி சைஃபன் வால்வு (டேங்க்ல இருந்து பெட்ரோல் தானா வழியாம தடுக்கறது), ஃபில்ட்டர், ஹோஸ்னு வரிசையா தேடுங்க. இன்ஜின் ரூம்ல பெட்ரோல் ஆவி தங்கும், அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ப்ளோயர (ஆவிய வெளிய தள்ற ஃபேன்) 4 நிமிஷம் ஓடவிட்டு, மோந்து பாத்துட்டு அப்புறம் சாவிய திருப்புங்க.