இருட்டுக்குள் ஒரு புலப்படம்

(கொடைக்கானலில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மேடை ஏறுவதற்கு முன்பே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "சார், குகையைப் பற்றிப் பேசப்போறீங்களாமே, குணா குகையா?" என்று. இல்லை, அது வேறு. தூண் பாறைப் பக்கம் இருக்கும் அந்தப் பள்ளங்கள் பாறை பிளந்து உண்டான இடுக்குகள். நம் பழனி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை; எத்தனை மழை பெய்தாலும் அது கரைந்து கிலோமீட்டர் கணக்கில் குகை ஆகாது. அதற்குச் சுண்ணாம்புப் பாறை வேண்டும். அப்படிப்பட்ட குகைகளை அளந்து படம் வரைவதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருக்கும், தேய்த்தாலும் போகாது. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்துதான், கால்சியம் கார்பனேட். நம் ஊர் ஓடைத் தண்ணீரில் அவ்வளவு படியாது. குகையில் நடப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான், நெருப்பு மட்டும் கிடையாது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது, பாறை வெடிப்பில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது, வெடிப்பு வழியாகிறது, வழி மண்டபமாகிறது. அப்புறம் கூரையிலிருந்து சொட்டும்போது வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பப் படிகிறது. மேலே தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழும்புவது கல்முளை. பல குகைகளில் வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். விரல் நீள விழுது ஒன்றை உடைத்து எடுத்து வருபவர் ஓராயிரம் வருடத்தை உடைத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கணும்.

நான் சர்வேயராக வேலை பார்த்தவன். சங்கிலி, சர்வே கல், நிலத்தை அளந்து வரையும் புலப்படம், அதுதான் என் உலகம். 1821ல் லெப்டினன்ட் வார்டு வெள்ளகவி வழியாக ஏறி வந்து இந்த மலையை அளந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரு வசதி இருந்தது, முகடு ஏறி நின்றால் அடுத்த முகடு தெரியும். குகைக்குள் தலைவிளக்கு வெளிச்சம் எட்டும் தூரம்தான் உலகம். வானம் இல்லை, ஜிபிஎஸ் வேலை செய்யாது. முதல் முறை உள்ளே போனபோது எனக்குத் தெரிந்த தொழில் கையை விட்டுப் போனது போல இருந்தது.

அது ஆந்திராவில், பேலம் குகைகளில். ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் 1863ல் கற்கோடரி கண்டெடுத்தாரே அதே மனிதர், 1884லேயே பேலம் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் முறையாக அளந்தது 1982, 83ல் டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு. கிட்டத்தட்ட நூறு வருடம் இடைவெளி! ஊர்க்காரர்களுக்கு அந்த வாசல் எப்போதும் தெரியும், ஆனால் 3,229 மீட்டர் நீளம் என்று சொல்ல அளந்தால்தான் முடிந்தது. அதனால்தான் நான் சொல்கிறேன், குகையில் நுழைந்து நடந்து திரும்பி வருவது பார்வையிடுவது மட்டுமே, அளப்பதுதான் கண்டுபிடிப்பது. அளக்கப் போனால் ஒவ்வொரு பொந்தின் முன்பும் நின்று, இது எங்கே போகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

சரி, எப்படி அளப்பது? ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு மூன்றே அளவு. தூரம், திசை, சாய்வு. முன்பு டேப், காம்பஸ், சாய்வு பார்க்கும் கிளினோமீட்டர். இப்போது மூன்றையும் ஒன்றாக எடுக்கும் லேசர் கருவி வந்துவிட்டது. பத்து மீட்டர், முப்பது டிகிரி இறக்கம் என்றால் படத்தில் கிடைமட்டமாக 8.66 மீட்டர், ஆழம் ஐந்து மீட்டர். ஒவ்வொரு புள்ளியிலும் இடது சுவர், வலது சுவர், கூரை, தரை எவ்வளவு என்றும் எழுத வேண்டும். ஆனால் எண்களை விட முக்கியம் கையால் வரையும் படம். சுவர் எங்கே வளைகிறது, எங்கே சேறு, எங்கே குளிர் காற்று வருகிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. வரைபவருக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், மற்றவர்கள் குளிரில் காத்திருந்தே ஆகணும்.

காம்பஸ் இருக்கிறதே, அதற்கு இரும்பு ஆகாது. தலைவிளக்கின் பேட்டரி, மூக்குக்கண்ணாடியின் கம்பி எல்லாமே முள்ளை இழுக்கும். ஒரு டிகிரி பிசகினால் பத்து மீட்டரில் 17 சென்டிமீட்டர், ஒரே பக்கமாகப் பிசகிக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர். அதனால் முன்னே பார்த்து ஒரு அளவு, அடுத்த புள்ளியிலிருந்து திரும்பிப் பார்த்து ஒரு அளவு எடுப்பார்கள். ஒரு சிறிய குகையில், ஆறு மணி நேரம் நனைந்து கிடந்த பிறகு, திரும்பிப் பார்க்கும் அளவை விட்டுவிடலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே நின்றோம், ஆனால் இரவு அறையில் கணக்குப் போட்டால் தாளில் மூன்றே முக்கால் மீட்டர் தள்ளி நிற்கிறோம். இரண்டு நாள் தேடினோம். பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் 64 டிகிரி என்று கூப்பிட்டதை 46 என்று எழுதியிருக்கிறோம். எழுதியது நான்தான். திரும்பிப் பார்த்திருந்தால் 64உடன் 180 கூடி 244 என்று வந்திருக்கும், அங்கேயே பிடித்திருப்போம். இன்றைக்கு யார் எண் சொன்னாலும் உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மேகாலயாவைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன். அங்கே காசி என்ற பழங்குடியினரின் மொழியில் குகைக்குக் 'கிரெம்' என்று பெயர். ஜெயின்டியா மலையில் கிரெம் லியாட் பிராஹ் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். அது ஒரே நாளில் கிடைத்த குகை இல்லை, தனித்தனி என்று நினைத்தவற்றை வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, தேடி, இணைத்து வளர்ந்தது. மழைக்காலத்தில் உள்ளே வெள்ளம் வரும் என்பதால் அளவை வேலை எல்லாம் குளிர்கால முடிவில்தான். சிரபுஞ்சிப் பக்கம் கிரெம் மாவ்ம்லுவில் எடுத்த ஒரு கல்முளை, 4,200 வருடங்களுக்கு முன் பருவமழை பொய்த்ததைத் தன் அடுக்குகளில் வைத்திருந்தது. அதை வைத்து 2018ல் பூமியின் நடப்புக் காலப்பகுதிக்கே 'மேகாலயன்' என்று பெயரிட்டார்கள். அதே மலைகளில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். வெட்டும் இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று காட்ட, குகையின் படத்தை மேல்தரைப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. படம் இல்லாத குகைக்காக யாரிடம் போய் வழக்காடுவது? பட்டா இல்லாத நிலத்துக்கு என்ன நடக்கும் என்று ஒரு சர்வேயருக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளைகள் சிலர், எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வாங்க. மரங்களையே புள்ளிகளாக வைத்துச் சுற்றி வந்து, தாளில் வட்டம் மூடுகிறதா என்று பார்ப்போம். பென்சில், கோடு போடாத நோட்டு எடுத்து வாங்க, கையில் இரும்பு வளையம் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாங்க. டேப்பும் காம்பஸும் நான் கொண்டுவருகிறேன்.