காப்பி நிறத்தில் ஒரு பிளக்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலர் வீட்டில் ஒரு காலத்தில் பஜாஜ் சேத்தக்கோ டிவிஎஸ் 50-யோ நின்றிருக்கும். காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் அப்பா என்ன செய்வார்? முதலில் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். அப்போதும் மசியவில்லை என்றால் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டுவார். இன்றைக்கு நான் பழைய மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பிளக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அதனிடம்தான் திரும்பி வருவேன்.

எனக்கு இந்தப் பித்து சோழவரத்தில் பிடித்தது. சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா ரோட்டில் போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் மாமா என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. முன்னால் பெரிய கூட்டம், எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. அதனால் அன்று பந்தயத்தை நான் பார்க்கவே இல்லை, கேட்டேன். தூரத்தில் கொசு பாடுவதுபோல் ஆரம்பித்து, கிட்டே வரவர உயர்ந்து, நம்மைத் தாண்டிய நொடியில் சட்டென்று சுருதி இறங்கும் அந்தச் சத்தம். அப்புறம் காற்றில் எரிந்த எண்ணெய் வாசனை. மாமா தோளில் தூக்கிக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் மாமா, இப்படியே கேட்கிறேன் என்றேன்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தடம் வந்தது. சோழவரம் ஓய்ந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, அவ்வப்போது ஒரு சனி, ஞாயிறு அதை வாடகைக்கு எடுப்போம். கொடி காட்ட ஆள் இருப்பார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும். வருகிறவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். பரிசுப் பணம் கிடையாது. ஆனால் பந்தயம் உண்மையான பந்தயம்.

என் வண்டி ராஜ்தூத் 350. ஆர்டி என்றால்தான் எல்லாருக்கும் புரியும். யமஹாவின் வண்டியை எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-லிருந்து இங்கே தயாரித்தது. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர். வெளிநாட்டில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், நமக்கு டிரம் பிரேக். நாலைந்து சுற்று விடாமல் பிடித்தால் டிரம் சூடேறி, லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மெதுவாகத்தான் அடங்கும். அது தெரிந்தே ஓட்ட வேண்டும்.

முக்கியமான விஷயம், இது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோல் பங்கில் "ஆயில் கலந்து போடுங்க" என்று ஒரு காலத்தில் சொல்வோமே, அந்த ஜாதி. ஆர்டிக்கு ஆயில் ஊற்ற ஒரு பம்ப் உண்டு. நான் அதைக் கழற்றிவிட்டு, லிட்டருக்கு 40 மில்லி ஆயில் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறேன். அப்படிச் செய்தால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டனுக்கு வழவழப்புத் தருகிற எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். திரும்பவும் சொல்கிறேன், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். என் கதை முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சரி, பிளக்குக்கு வருவோம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதற்குள் மெயின் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு, நடுவில் ஊசித் துளை. அந்தத் துளை எத்தனை பெரிதோ அத்தனை பெட்ரோல். துளையின் அளவு சரிதானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நேர்பாதையில் முழு முறுக்கில் போய், கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டே ஓரம் வந்து பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நலம். கறுப்பாக, ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் வெந்துகொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதி. காலைக் காற்று குளிர்ந்த காற்று, அடர்த்தியானது, கூடுதல் பெட்ரோல் கேட்கும். மதியக் காற்று லேசானது, அதற்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் போதும். ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் காலை 20 டிகிரி, மதியம் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டி, ஒரே தடம், ஆனால் ஜெட் வேறு.

அந்தச் சனிக்கிழமை மதியம் வண்டி மந்தமாக இருந்தது. உச்சத்துக்குப் போகாமல் கமறியது. பிளக் கறுப்பு. என்னோடு வருகிற மெக்கானிக் அண்ணன், நாற்பது வருடமாக டூ ஸ்ட்ரோக்கோடு வாழ்கிறவர், சின்ன ஜெட் போடச் சொன்னார். போட்டேன். வண்டி பாடியது. இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சுற்று வந்தேன், எனக்கு அது பெரிய விஷயம். அந்தச் சந்தோஷத்திலேயே தூங்கிவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முதல் பந்தயம். புல்லில் பனி. அண்ணன் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, நேத்து மாத்துன ஜெட்டைத் திரும்ப மாத்திட்டியா?" ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தேன். "ஆச்சுண்ணே" என்றேன். மாற்றவில்லை. பெரிய ஜெட் என் சட்டைப் பையில் இருந்தது.

முதல் சுற்று அருமையாகப் போனது. குளிர்க் காற்றில் அவ்வளவு வேகம். இரண்டாம் சுற்றில் நேர்பாதையின் முடிவில் சத்தம் மாறியது. எப்படிச் சொல்வது? வெண்கலப் பாத்திரத்தை நகத்தால் கீறினால் வருமே, அப்படி மெலிதாக ஒரு ஒலி அடியில் சேர்ந்தது. டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் இடது கையின் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேல் வைத்திருப்பார்கள். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் தூக்கி எறியப்படுவார். காது சொன்னதும் விரல் தானாக மடங்கியது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, சத்தமில்லாமல் உருண்டு புல்லுக்கு வந்து நின்றது. அந்த நிசப்தத்தில் மற்ற வண்டிகள் கடந்து போகிற சத்தம். ஒன்பது வயதில் கேட்ட அதே சத்தம்.

அண்ணன் திட்டவில்லை. சிலிண்டரைக் கழற்றினோம். வலப்பக்கப் பிஸ்டனின் அலுமினியம் உருகி, சிலிண்டர் சுவரில் தீற்றிக்கொண்டிருந்தது. எமரித் தாளால் அதைத் தேய்த்தே எடுத்தார், ஒரு மணி நேரம். பிஸ்டனும் ரிங்கும் வேண்டும். உதிரிபாகம் கிடைக்கிற சென்னைப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஞாயிற்றுக்கிழமை வேறு. அப்போது, காலையில் என்னோடு போட்டியிட்டவர், என்னை முந்த வேண்டியவர், தன் பெட்டியிலிருந்து அதே அளவுப் பிஸ்டனை எடுத்து நீட்டினார். "ஓட்டுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். சிலிண்டரின் மேல்மூடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டுக்கு மாற்று இல்லை. பழையது செம்புத் தகட்டில் வெட்டியது. ஒருமுறை அழுந்திய செம்பு இறுகிப்போகும், சரியாக மூடாது. அண்ணன் அதை வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடைக்கு எடுத்துப் போனார். டீக்கடைக்கார அம்மா பால் சட்டியை இறக்கிவைத்து அடுப்பைக் கொடுத்தார். தகடு சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தால் செம்பு மறுபடி இளகிவிடும். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இன்னும் பத்து முறை வேண்டுமானாலும் சொல்வேன். அந்த அம்மா அந்த இருபது நிமிடம் ஒரு டீ கூட விற்கவில்லை.

மூன்று மணிக்குப் பந்தயம். புதுப் பிஸ்டனை முதல் சில சுற்று மெதுவாகப் பழக்க வேண்டும். அதனால் கடைசியில்தான் வந்தேன். பிஸ்டன் கொடுத்தவர் மூன்றாவது. இறங்கியதும் அண்ணன் பிளக்கைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். காப்பி நிறம்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. புதிதாக ஆரம்பிப்பது எப்படி என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பந்தயங்களுக்கு மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு தருகிற உரிமம் வேண்டும். பயிற்சி வகுப்புகள் உண்டு, கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தோல் உடை, நல்ல ஹெல்மெட், கையுறை, இவற்றை வாங்கிய பிறகு வண்டி வாங்குங்கள். தம்பிகளே, ஈசிஆரிலும் மெரினாவிலும் ராத்திரியில் பந்தயம் விடாதீர்கள். அங்கே எதிரில் வருகிறவருக்குப் பந்தயம் நடப்பது தெரியாது. தடத்துக்கு வாருங்கள். அடுத்த முறை நாங்கள் போகும்போது, டீக்கடைக்கு இந்தப் பக்கம் மூன்றாவது கூடாரம். பெரிய ஜெட் இப்போது சட்டைப் பையில் இல்லை, கார்புரேட்டரில் இருக்கிறது. வணக்கம்.