இலைக்கு எதிரே நிற்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓட்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் சமையலைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த ஊரில் எந்தக் கடையில் எது ருசி என்கிற பட்டியல் உங்களிடமே இருக்கும், அதற்கு நான் தேவையில்லை. நான் பேச வந்தது அடுப்படிக்கும் உங்கள் மேசைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில அடி தூரத்தைப் பற்றி. அதைக் கடந்து தட்டோடு வருகிறவரைச் சில ஊர்களில் சர்வர் என்கிறோம், சில ஊர்களில் சப்ளையர் என்கிறோம். நானும் அந்த வேலையில் தொடங்கியவன்தான். பிறகு சூப்பர்வைசர் ஆனேன், இப்போது புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஓட்டலில் நீங்கள் சாப்பிடுகிற சாப்பாட்டின் ருசியில் பாதி சர்வர் கையில் இருக்கிறது. பேச்சு முடிவதற்குள் இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லிவிடுவேன்.

முறுகல் தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை விட்டு எடுத்த பிறகும் அதிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருக்கும். எவர்சில்வர் தட்டில் வைத்ததும் அடிப்பக்கத்து ஆவிக்கு வெளியேற வழியில்லை. அது தட்டில் பட்டு நீராகி, மறுபடி தோசைக்குள்ளேயே போகிறது. கொஞ்ச நேரத்தில் முறுகல் போய்த் துவண்டுவிடும். அப்புறம் நீங்கள் "தோசை சரியில்லை" என்பீர்கள். மாஸ்டர் நன்றாகத்தான் வார்த்தார். எடுத்து வர வேண்டியவர் இன்னொரு மேசையில் பில் எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பூரியும் இப்படித்தான் அமுங்கும், காபியிலும் இப்படித்தான் ஆடை படியும்.

இன்னொன்றையும் நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். தோசை வந்துவிடும், சட்னி வராது. தோசை ஆறுவதைப் பார்த்துக்கொண்டு, சட்னி வாளி எங்கே இருக்கிறது என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவோம். என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமே இதுதான். தண்ணீர் முதலில், அடுத்தது சட்னி சாம்பார், தோசை கடைசியில். தோசை மேசைக்கு வரும்போது அதற்காக மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும், தோசை எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1985-ல் டேவிட் மைஸ்டர் என்பவர் காத்திருப்பதன் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டல்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய கட்டுரை. வேலை தொடங்குவதற்கு முன்னால் காத்திருப்பது, தொடங்கிய பின் காத்திருப்பதைவிட நீளமாகத் தெரியும் என்கிறார். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் காத்திருப்பதும் அப்படியே. நம் ஊர்ச் சர்வர்கள் இதைக் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உட்கார்ந்த உடனே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டால் உங்களைப் பொறுத்தவரை சாப்பாடு ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு கால் மணி ஆனாலும் அவ்வளவாகக் கோபம் வராது. "கல்லுல போட்டாச்சு சார், அடுத்தது உங்களுதுதான்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும், அது முக்கியம். போடாத தோசையைப் போட்டாச்சு என்று சொல்கிற சர்வரை நான் மன்னிக்க மாட்டேன்.

பழைய சர்வர்களின் ஞாபகசக்தியைப் பற்றி உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். "என்ன இருக்கு?" என்று கேட்டால் மூச்சு விடாமல் இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் என்று அடுக்குவார்கள். ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். யார் யாருக்கு எதுவோ, அது அவரவர் முன்னால் வந்து நிற்கும். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது, அங்கிருந்தே கல்லாவுக்குக் கணக்கைக் குரல் கொடுப்பார்கள். புளூமா ஸெய்கார்னிக் என்ற மனவியல் அறிஞர் 1927-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முடிந்துபோன வேலையைவிட முடியாமல் நிற்கிற வேலை மனதில் நன்றாக நிற்கும் என்பது அதன் சாரம். அந்த யோசனைக்கு வித்திட்டதே பெர்லினில் ஒரு காபிக் கடைச் சர்வர்தான் என்று சொல்வார்கள். பணம் வாங்காத கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடமாம், பணம் வாங்கியதும் மறந்துபோகுமாம். பின்னால் அதே சோதனையைச் செய்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் ஓட்டல் கூடத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சரி, இப்போது நான் எங்கே போனாலும் சொல்கிற ஒரு கதைக்கு வருகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். யாராவது வந்து உட்கார்ந்தால் எல்லாச் சர்வரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பிடறீங்க?" அண்ணன் அதைக் கேட்க மாட்டார். தண்ணீரை வைத்துக்கொண்டே, "எந்த பஸ்ஸுக்குப் போகணும்?" என்பார். ஊர் பெயரைச் சொன்னால் போதும், அது எத்தனை மணிக்குக் கிளம்பும், கண்டக்டர் கறாரானவரா, இரண்டு நிமிடம் நிற்பாரா, எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, சின்னப் பையன், கூட ஒரு வயதான அம்மா. வீட்டுக்காரர் உட்காரும்போதே "நாலு நெய் ரவா" என்றார். அண்ணன் பஸ்ஸைக் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், உங்க வண்டிக்குக் கால் மணிதான் இருக்கு. ரவா பொறுமையா வேகணும், கல்லுல ஏற்கெனவே ஆர்டர் நிக்குது. போட்டுத் தரலாம், ஆனா நீங்க வாயில வைக்கறப்ப வண்டி ஹாரன் அடிக்கும்" என்றார். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பையன் ரவா தோசைக்காகவே வந்தவன் போல இருந்தான். அண்ணன் குனிந்து அவனிடம், "தம்பி, இட்லி இப்பத்தான் எறங்குது, கூட ஒரு மெதுவடை. வர்றப்ப நேரத்தோட வா, ரவா போட்டுத் தர்றேன்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். இட்லி வருவதற்குள் சட்னி வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு மட்டும் இட்லியைக் கிண்ணத்தில் போட்டு, சாம்பாரில் ஊற வைத்துக் கொண்டு வந்தார். பல் இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டாவது ஈடு இட்லி கேட்காமலே வந்தது. காபிக்கு முன்னால் பில்லைக் கொண்டு வந்து பணம் வாங்கி, மிச்சச் சில்லறையையும் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். காபி குடித்த கையோடு எழுந்து போகலாம், கல்லாவில் வரிசையில் நிற்க வேண்டாம். பெரியம்மாவின் காபியை மட்டும் டவராவில் நாலு தடவை ஆற்றி, முக்கால் டம்ளர் ஊற்றி வைத்தார். அந்த அம்மாவுக்குக் கை லேசாக நடுங்கியது. அவர் அதைக் குடித்து வைத்ததும் மிச்சத்தைப் போய் ஊற்றினார். அவர்கள் பதறாமல் நடந்து போய் வண்டி ஏறினார்கள்.

நெய் ரவா நாலு போட்டிருந்தால் பில் ஏறியிருக்கும். கல்லாவில் இருந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தத் தடத்துக் கண்டக்டர்கள் பயணிகளிடம், "அங்க போய்ச் சாப்பிடுங்க, நேரத்துக்கு அனுப்பிடுவாங்க" என்று அவர்களாகவே கை காட்டுவார்கள். அந்த ஓட்டல் சாம்பார் சுமார்தான். எதிர்க் கடைச் சாம்பார் நிச்சயமாக அதைவிட நன்றாக இருக்கும். கூட்டம் எங்களிடம்தான். அதனால்தான் சொல்கிறேன், பாதி ருசி சர்வர் கையில்.

இலைச் சாப்பாட்டுக்கு வருவோம். பழைய சாப்பாட்டுக் கூடங்களில் மேசை ஒடுங்கலாக இருக்கும். எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், பரிமாறுகிறவர் எதிர்ப் பக்கம் நடப்பார். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். இதில் பெரிய நன்மை, அவருக்கு உங்கள் இலையும் தெரியும், முகமும் தெரியும். இப்போது நாலு பேர் எதிரும் புதிருமாக உட்காரும் மேசைகள். சுவர் ஓரத்தில் இருப்பவருக்குப் பரிமாற, இந்தப் பக்கம் இருப்பவரின் தலைக்கு மேலே வாளி போகிறது. இடம் மிச்சம், ஆனால் சர்வரின் கண்ணுக்குப் பாதி இலை தெரியாது.

புதிதாக வருகிற பிள்ளைகள் வாளியைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவார்கள். நீங்கள் போதும் என்று இலைக்கு மேல் கையைக் குறுக்கே கொண்டு வருவதற்குள் சாம்பார் ஓடி அப்பளத்தை நனைத்துவிடும். நான் சொல்லிக் கொடுப்பது: இலையைப் பார், முகத்தைப் பார், பிறகு கரண்டியைச் சாய். முதலில் பாதிக் கரண்டி, ஒரு கணம் நிறுத்து, கை வரவில்லையென்றால் மீதி. ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கிறவர் இருந்தால் கரண்டியைத் தாழ்த்தி நூல் மாதிரி ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் முழங்கை வழியாக ஓடும், சட்டை கெடும்.

அப்புறம், இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அளவில்லாச் சாப்பாடு என்று பலகையில் எழுதியிருக்கும். சோற்று வாளி உங்கள் பக்கம் வரவில்லையென்றால் அது அளவுச் சாப்பாடுதான். பந்தியில் வீட்டுக்காரர் வரிசையாக வந்து "கூச்சப்படாம கேட்டுச் சாப்பிடுங்க" என்று ஒவ்வோர் இலையாக விசாரிப்பாரே, அந்த விசாரிப்பைத்தான் சர்வர் ஓட்டலில் செய்கிறார்.

திருவல்லிக்கேணியில் ரத்னா கபே 1948 முதல் நடக்கிறது. அங்கே சாம்பார் இட்லி சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், இட்லியை மூழ்கடித்துச் சாம்பார் ஊற்றுவார்கள். அதே திருவல்லிக்கேணியில் இன்னொரு வரலாறும் உண்டு, அதைச் சொல்லாமல் பரிமாறுவதைப் பற்றி நான் பேச முடியாது. ஒரு காலத்தில் ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்று சாதிப் பெயரே போட்டிருக்கும். யாருக்கு எங்கே இடம், யாரை எப்படி நடத்துவது என்பதெல்லாம் அதிலேயே அடங்கிவிடும். 1957-ல் முரளி கபே முன்னால் அந்தப் பெயரை நீக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மறியல் செய்தார்கள், பலர் கைதானார்கள். கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்பதை அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு முன்பே சொல்லிவிட்டது. இருந்தும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை எத்தனை காலம் நீடித்தது என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு நல்ல டீயாக இருந்தாலும், தனியாக வைத்த குவளையில் வாங்கிக் குடித்தவருக்கு அதில் என்ன ருசி தெரிந்திருக்கும்? ஆகவே என் வகுப்பில் கண்டிப்பாக ஒரு விதி உண்டு. சட்டையில் சிமென்ட் ஒட்டியபடி வருகிறவருக்கும் காரில் வந்து இறங்குகிறவருக்கும் தண்ணீர் டம்ளர் ஒரே வேகத்தில் போக வேண்டும்.

பரிமாறுகிறவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இந்தியன் காபி ஹவுஸ் பார்த்திருப்பீர்கள், வெள்ளைச் சீருடை, விசிறி மடிப்புத் தலைப்பாகை. காபி வாரியம் அந்தக் கடைகளை மூடியபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டலில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கமாகி எடுத்து நடத்தினார்கள். 1957-ல் பெங்களூரில் தொடங்கியது, அடுத்த ஆண்டு திருச்சூர். அங்கே உங்களுக்குக் காபி கொண்டு வருகிறவர் அந்தக் கடையில் பங்குள்ளவர். இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டுமென்றுதான் வந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஓட்டல் முதலாளிகளே, மூன்று மணிக்குக் கூட்டம் குறையும்போது உங்கள் சர்வர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். பந்தி நேரத்துக்கு முன்னால் அவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள், பசியோடு இருப்பவர் வாளி தூக்கினால் முகம் எப்படி மலரும்? ஒருவருக்கு இத்தனை மேசைதான் என்று வரம்பு வையுங்கள். சாப்பிட வருகிறவர்களுக்கு ஒன்று: சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி கொண்டு வந்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொடுக்க விரும்பினால் சர்வர் கையிலேயே கொடுங்கள். மெனுவுக்குப் பதிலாக மேசையில் ஒட்டுகிற கியூஆர் கோடு பற்றிப் பேச நேரமில்லை. போனில் படிக்கத் தெரியாத, கண் மங்கிய பெரியவர்களும் சாப்பிட வருகிறார்கள், அவர்களுக்காக அச்சடித்த மெனு அட்டை ஒன்று கல்லாவில் இருக்கட்டும்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.